பெயர் சொல்லாத வாடிக்கையாளர்: தடுப்பூசி வதந்திக்கு யூடியூபர்களைக் கூலிக்கு அமர்த்தப் பார்த்த ஒரு முயற்சி (நிகழ்வு ஆய்வு)

பொய்த் தகவலைப் பரப்பும் இன்ஃப்ளூயன்சர் என்றதும், அந்தப் பொய்யைத் தானே நம்பிக் கேமரா முன்னால் ஆவேசமாகப் பேசும் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இந்த நிகழ்வில் வருகிறவர்கள் வேறு ரகம். அறிவியல் விளக்குபவர், வரலாறு சொல்லித்தருபவர், பயிற்சி மருத்துவர், நகைச்சுவைக்காரர், குறும்பு வீடியோ போடுபவர் என்று பலதரப்பட்டவர்கள். தடுப்பூசி எதிர்ப்பு அவர்கள் யாருடைய தொழிலும் அல்ல. கொரோனா தடுப்பூசி பற்றிய ஒரு பொய்யைப் பரப்ப, அவர்களைப் பின்தொடரும் கூட்டத்தின் நம்பிக்கையை ஒரு விளம்பர ஏஜென்சி சில நிமிடங்களுக்கு வாடகைக்குக் கேட்டது. சிலர் மறுத்தார்கள், இருவர் ஒப்புக்கொண்டதாகவே தெரிகிறது. நடந்தது 2020 நவம்பருக்கும் 2021 ஆகஸ்டுக்கும் இடையில்.

எல்லாமே பொதுவெளியில் இருக்கும் தகவல்கள்: மின்னஞ்சல் வந்தவர்கள் தாங்களே வெளியிட்டவை, ஜெர்மன், பிரெஞ்சு, பிரிட்டிஷ் செய்தியாளர்கள் தேடி எடுத்தவை, 2021 ஆகஸ்டில் ஃபேஸ்புக் வெளியிட்ட அறிக்கை. தனிநபர் பெயர்களை விட்டுவிட்டேன். மின்னஞ்சல் அனுப்பிய ஃபாஸே நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் முடியாது. ஃபேஸ்புக் அதைப் பெயர் குறிப்பிட்டே தடை செய்தது.

பின்னணி

இன்ஃப்ளூயன்சர் விளம்பரத்தில் பொருளை விற்கும் நிறுவனமும் வீடியோ போடுபவரும் பெரும்பாலும் நேரில் பேசிக்கொள்வதே இல்லை. நடுவில் ஓர் ஏஜென்சி இருக்கும். சில நேரம் ஏஜென்சிக்கும் மேலே இன்னொரு ஏஜென்சி. யூடியூபருக்கு ஒரு மின்னஞ்சல் வரும்: உங்கள் சேனல் எங்கள் வாடிக்கையாளருக்குப் பொருத்தமாக இருக்கிறது, ஒரு வீடியோவுக்கு எவ்வளவு, ஒரு ஸ்டோரிக்கு எவ்வளவு, பார்வைக் கணக்கை அனுப்புங்கள். விலை படிந்ததும் 'ப்ரீஃப்' வரும். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, எந்த லிங்கை வைக்க வேண்டும், எந்த ஹேஷ்டேக் போட வேண்டும் என்று வரிசையாக எழுதிய குறிப்பு அது. மொபைல் செயலிக்கும் முகப்பூச்சுக்கும் இதே நடைமுறைதான். வாரத்துக்கு இப்படிப் பல மின்னஞ்சல்களைப் பார்க்கிற ஒருவருக்கு, இன்னும் ஒன்று வந்தால் அதில் புதிதாக எதுவும் தோன்றாது. இந்தப் பழக்கத்தை நம்பித்தான் வலை விரிக்கப்பட்டது.

வலை விரித்த நிறுவனம் ஃபாஸே. பிரிட்டனில் பதிவு செய்யப்பட்டு, பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து இயங்கிய ஒரு மார்க்கெட்டிங் நிறுவனத்தின் கிளை அது என்கிறது ஃபேஸ்புக் அறிக்கை. விளம்பரதாரர்களையும் வீடியோ போடுபவர்களையும் இணைக்கும் தளம் என்று தன்னை அது அறிமுகம் செய்துகொண்டது. ஏற்கெனவே சாதாரண விளம்பரங்களுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்திருந்தது. இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

காலச் சூழலையும் பார்க்க வேண்டும். 2020 கடைசியில் பல நாடுகள் கொரோனா தடுப்பூசிகளுக்கு அவசர அனுமதி கொடுப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்தன. இந்தியாவில் கோவிஷீல்டுக்கு, அதாவது அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிக்கு, டிசம்பரில் விண்ணப்பம் போனது, 2021 ஜனவரி 3 அன்று அனுமதி வந்தது. அப்புறம் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை. இந்தியாவில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் தொற்று பதிவான நாட்கள் அவை. வெளிநாட்டுத் தடுப்பூசிகளுக்கு விரைவாக அனுமதி தருவதாக அரசு அறிவித்திருந்தது. ஃபைசர் வருமா வராதா என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. வதந்தி இரண்டு தடவை கிளம்பியது. இரண்டு தடவையும் இப்படி ஒரு முடிவு எடுக்கப்படவிருந்த நேரமாகவே இருந்தது என்பதை ஃபேஸ்புக் அறிக்கை சுட்டிக்காட்டுகிறது.

முதல் சுற்று: குரங்கு மீம்கள்

2020 நவம்பர், டிசம்பரில் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் போலிக் கணக்குகள் சில ஒரே மாதிரியான மீம்களைப் போட ஆரம்பித்தன. அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி போட்டால் மனிதன் சிம்பன்சி ஆகிவிடுவான் என்பதுதான் அவற்றின் சாரம். அந்தத் தடுப்பூசியில் சிம்பன்சியைத் தாக்கும் சாதாரணச் சளி வைரஸ் ஒன்று, உடலில் பெருக முடியாதபடி மாற்றப்பட்டு, சரக்கைக் கொண்டுசேர்க்கும் வண்டியாகப் பயன்படுகிறது. இந்தச் சிறு உண்மையைப் பிடித்து இழுத்ததுதான் அந்த மீம். கூடவே இணைய மனு, கட்டுரை, ஹேஷ்டேக் எல்லாம் வந்தன.

எதுவும் எடுபடவில்லை. இன்ஸ்டாகிராம் பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு லைக்கூட விழவில்லை. மனுக்கள் ஆயிரம் கையெழுத்தைக்கூட எட்டவில்லை. யாரென்றே தெரியாத, முகமில்லாத கணக்கு ஒன்று சொல்வதை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் முதல் சுற்றின் பலன். கணக்குகள் ஐந்து மாதம் அடங்கிக் கிடந்தன.

இரண்டாம் சுற்று: ஆவணம் முதலில், முகம் பிறகு

2021 மே மாதம் அதே வலைப்பின்னல் மறுபடி உயிர் பெற்றது. இந்தத் தடவை குறி ஃபைசர் தடுப்பூசி. முறையும் மாறியிருந்தது. அஸ்ட்ராஜெனெகா நிறுவனத்திலிருந்து திருடப்பட்டுக் கசிந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆவணம் முதலில் வெளியே வந்தது. ஃபைசர் போட்டவர்களிடையே இறப்பு விகிதம் அஸ்ட்ராஜெனெகா போட்டவர்களைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு என்று காட்டும் அட்டவணை அதில் இருந்தது.

அந்த ஆவணம் எடுத்த பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ரெடிட் போன்ற விவாதத் தளங்களில் அது பதிவானது. மீடியம் போன்ற, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தளங்களில் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. சேஞ்ச் டாட் ஆர்க் என்ற இணைய மனுத் தளத்தில் மனு வந்தது. போலிக் கணக்குகள் இவற்றின் லிங்குகளைப் பகிர்ந்தன. கட்டுரை ஆவணத்தைக் காட்டியது, மனு கட்டுரையைக் காட்டியது, கணக்குகள் மூன்றையும் காட்டின. தேடிப் பார்க்கும் ஒருவருக்கு நான்கு இடங்களில் நான்கு 'ஆதாரம்' கிடைக்கும். நான்கையும் வைத்தது ஒரே கைதான். ஃபேஸ்புக் தன் அறிக்கையில் இதைப் பொய்த் தகவலுக்கான சலவைக்கூடம் என்று வர்ணித்தது. பொருத்தமான வர்ணனைதான்: ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அழுக்கு கொஞ்சம் போய், எங்கிருந்து வந்தது என்ற அடையாளமும் கூடவே போய்விடுகிறது.

இவ்வளவும் ஏற்பாடு மட்டுமே. யூடியூப், இன்ஸ்டாகிராம், டிக்டாக்கில் ஏற்கெனவே கூட்டம் சேர்த்து வைத்திருப்பவர்களை இதைப் பேச வைப்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி. முதல் சுற்றில் இல்லாமல் போன முகத்தை இரண்டாம் சுற்றில் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

மின்னஞ்சலில் இருந்தது

பிரான்ஸில் பத்து லட்சத்துக்கு மேல் சப்ஸ்கிரைபர்கள் கொண்ட ஓர் அறிவியல் யூடியூபருக்கும், ஜெர்மனியில் அதே அளவு கூட்டமுள்ள, செய்தியாளராகவும் இருக்கும் ஒரு கல்வி யூடியூபருக்கும் மின்னஞ்சல் போனது. பிரான்ஸில் ஒரு நகைச்சுவைக்காரருக்கும், இன்ஸ்டாகிராமில் எழுதும் ஒரு பயிற்சி மருத்துவருக்கும் போனது. 30 வினாடி வீடியோவுக்குத் தனக்கு 2000 யூரோவுக்கு மேல் பேசப்பட்டதாகப் பயிற்சி மருத்துவர் சொன்னார். பட்ஜெட் மிகப் பெரியது, வாடிக்கையாளர் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றார்கள் என அறிவியல் யூடியூபர் எழுதினார்.

ப்ரீஃபில் இருந்த வழிகாட்டுதல்கள் பிறகு வெளியே வந்தன. இந்த விஷயத்தில் உங்களுக்கு ஆர்வமும் ஈடுபாடும் இருப்பதுபோல் நடந்துகொள்ளுங்கள். விளம்பரம், ஸ்பான்சர் போன்ற சொற்கள் வரக் கூடாது. உங்கள் சொந்தக் கருத்தாகவே வைக்க வேண்டும். பெரிய ஊடகங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை என்று சொல்லுங்கள். ஆபத்தான இந்தத் தடுப்பூசியைச் சில அரசுகள் ஏன் வாங்கிக் குவிக்கின்றன என்ற கேள்வியைப் பார்வையாளர்கள் முன் வையுங்கள்.

இதில் என் கண்ணில் படுவது கடைசி வரி. 'இது கொல்கிறது' என்று நேரடியாக அடித்துச் சொல்லச் சொல்லவில்லை. கேள்வி கேட்கச் சொன்னார்கள். கேள்வியைப் பொய் என்று நிரூபிப்பது கடினம். தளங்களின் விதிகளிலும் அது சுலபத்தில் சிக்காது. கேட்டவருக்கும் 'நான் கேள்விதானே கேட்டேன்' என்று ஒதுங்க இடமிருக்கிறது. சுகாதாரம் தொடர்பான வதந்தி வீடியோக்களில் இந்த வாக்கிய அமைப்பு அடிக்கடி தென்படுவது தற்செயல் அல்ல.

அட்டவணையின் தந்திரம்

ப்ரீஃபில் தரப்பட்ட லிங்குகளில் ஒன்று பிரான்ஸின் பெரிய நாளிதழ் ஒன்றின் உண்மையான செய்தி. ஐரோப்பிய மருந்து முகமையின் கணினிகள் 2020 டிசம்பரில் ஊடுருவப்பட்டதும், ஃபைசர் தடுப்பூசி தொடர்பான ஆவணங்கள் பிறகு இணையத்தில் கசிந்ததும் நிஜமாக நடந்தவை. கசிந்தவற்றில் சில திருத்தப்பட்டிருந்ததாக முகமையே சொன்னது. அந்தக் கசிவைப் பற்றியதுதான் அந்தச் செய்தி. இறப்பு விகிதம் பற்றியோ இந்த அட்டவணை பற்றியோ அதில் எதுவும் இல்லை. நம்பகமான பத்திரிகையின் பெயர் லிங்கில் தெரிந்தால் போதும், திறந்து படிப்பவர் எத்தனை பேர் என்ற கணக்குதான்.

அட்டவணையும் முழுக்கக் கற்பனை இல்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து எண்களை எடுத்து, அவற்றின் பொருளை விட்டுவிட்டு அடுக்கியிருந்தார்கள். சில நாடுகளில் தடுப்பூசி போட்ட சில காலத்துக்குள் இறந்தவர்களின் எண்ணிக்கை அது. தடுப்பூசியால் இறந்தவர்களின் எண்ணிக்கை அல்ல.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பார்க்க ஒரு கணக்குப் போடலாம். வயது முதிர்ந்த 1000 பேருக்கு ஒரே நாளில் தடுப்பூசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் எப்படியும் இறப்பார் என்றால், தடுப்பூசியே இல்லாவிட்டாலும் அடுத்த ஒரு மாதத்தில் எட்டுப் பேர் போல இறந்திருப்பார்கள். தடுப்பூசிக்குப் பிறகு அந்த எட்டுப் பேரும் 'தடுப்பூசி போட்டபின் இறந்தவர்கள்' பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள். அதே தடுப்பூசியை 30 வயதுக்காரர்கள் 1000 பேருக்குப் போட்டால் அந்த எண் சுழியத்தை ஒட்டி இருக்கும். தடுப்பூசி ஒன்றுதான், போட்டுக்கொண்டவர்களின் வயது வேறு.

ஐரோப்பாவில் நடந்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. தொடக்கத்தில் ஃபைசர் முதலில் போனது மிக முதியவர்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும். 2021 பிப்ரவரித் தொடக்கத்தில் ஜெர்மனியும் பிரான்ஸும் அஸ்ட்ராஜெனெகாவை 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தன, பின்னர் அதை மாற்றிக்கொண்டன. அந்த மாதங்களின் எண்களை வயது பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஃபைசர் பக்கம் இறப்பு கூடுதலாகத் தெரியாவிட்டால்தான் ஆச்சரியம்.

இதை விளக்க எனக்கு மூன்று பத்தி தேவைப்பட்டது. 'மூன்று மடங்கு சாவு' என்று சொல்ல 30 வினாடி வீடியோவில் இரண்டு வினாடி போதும்.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, பதில் எழுதுவதா வேண்டாமா என்பது. பிரெஞ்சு அறிவியல் யூடியூபரும் ஜெர்மன் யூடியூபரும் மின்னஞ்சலை அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். பெரும்பாலானோர் அதைத்தான் செய்வார்கள். இவர்கள் ஆர்வம் இருப்பதுபோல் காட்டிப் பேச்சை நீட்டினார்கள். அதனால்தான் முழு ப்ரீஃபும் கைக்கு வந்தது. முதல் மின்னஞ்சல் மட்டும் இருந்திருந்தால் 'யாரோ ஏதோ கேட்டார்கள்' என்ற அளவில் முடிந்திருக்கும். விளம்பரம் என்று சொல்லக் கூடாது என்ற எழுத்துபூர்வமான கட்டளைதான் மறுக்க முடியாத சான்றானது.

இரண்டாவது முடிவு, எதை வெளியிடுவது என்பது. 2021 மே 24 அன்று பிரெஞ்சு யூடியூபர் தனக்கு வந்ததை ட்விட்டரில் போட்டார். வதந்தியைப் பற்றிப் பேசினால் வதந்தியே பரவும் என்ற பயம் நியாயமானது. அவர் அட்டவணையை விளக்கி மறுப்பதில் இறங்காமல், ஆர்டர் வந்த விதத்தை முன்னால் வைத்தார்: பெயர் சொல்லாத வாடிக்கையாளர், ஸ்பான்சரை மறைக்கச் சொல்லும் நிபந்தனை, இந்தக் கருத்தோடு வீடியோ பார்த்தால் அது இந்த முயற்சியின் பகுதி என்று தெரிந்துகொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை. ஏஜென்சி கொடுத்த லண்டன் முகவரியையும் தேடிப் பார்த்திருந்தார். அங்கே அப்படி ஓர் அலுவலகம் இருந்ததே இல்லை, லேசர் அழகு நிலையம்தான் இருக்கிறது என்றார். நிறுவன ஊழியர்களின் லிங்க்ட்இன் பக்கங்கள் அன்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன என்றும் எழுதினார். முகவரியைத் தேடிப் பார்ப்பது சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்தை எத்தனை பேர் செலவழித்தார்கள் என்பதில்தான் இந்த நிகழ்வு இரண்டாகப் பிரிகிறது.

மூன்றாவது முடிவை எடுத்தவர்கள் தங்களுக்கு வந்த ஆர்டரைப் பற்றிப் பேசவே இல்லை. இந்தியாவில் 5 லட்சத்துக்கு மேல் சப்ஸ்கிரைபர்கள் உள்ள ஒரு யூடியூபரும், பிரேசிலில் 30 லட்சத்துக்கு மேல் பின்தொடர்வோர் உள்ள, குறும்பு வீடியோக்களுக்குப் பேர்போன ஒருவரும் அதே கருத்தில் வீடியோ போட்டார்கள். இருவரும் வழக்கமாகப் பேசும் விஷயத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அதே பொய்க் கூற்று, ப்ரீஃபில் இருந்த அதே லிங்குகள். இருவரும் இதற்கு முன்பு ஃபாஸேயின் வேறு விளம்பரங்களில் பங்கேற்றிருந்தார்கள். ஜெர்மன் செய்தியாளர் ஒருவர் தொடர்புகொண்டதும் வீடியோக்கள் காணாமல் போயின. கேள்விகளுக்கு அவர்கள் பதில் தரவில்லை.

அவர்கள் ஏன் போட்டார்கள் என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. முந்தைய வேலைகள் வழியாக ஏஜென்சி பழக்கமானது, எந்தச் சிக்கலும் வந்ததில்லை, இதுவும் இன்னொரு ப்ரீஃப் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். பணத்தாசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைவிட இந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தெரியாத ஏஜென்சி என்றால் விசாரிப்போம், தெரிந்த ஏஜென்சி என்றால் வேலையை முடித்துக் கொடுப்போம். நல்ல விளம்பரம் நாலு கொடுத்துப் பழக்கிய பிறகு ஐந்தாவதாக வந்ததுதான் இது.

பிறகு நடந்தவை

பிரெஞ்சுப் பதிவு வெளியான அடுத்த நாளே உலகச் செய்தியானது. பிரான்ஸின் சுகாதார அமைச்சர் தொலைக்காட்சியில் கண்டித்தார். மின்னஞ்சல்களில் தரப்பட்ட லிங்குகளின் பின்னால் இருந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. தாய் நிறுவனத்தின் பிரிட்டிஷ் இயக்குநர் ஒருவர், ஃபாஸேயோடு தனக்குப் பெரிதாகத் தொடர்பில்லை என்றும் பிரிட்டனில் நிறுவனத்தை மூடிக்கொண்டிருப்பதாகவும் பிபிசியிடம் சொன்னார்.

2021 ஆகஸ்டில் ஃபேஸ்புக் 65 ஃபேஸ்புக் கணக்குகளையும் 243 இன்ஸ்டாகிராம் கணக்குகளையும் நீக்கியதாக அறிவித்தது. முக்கியமாக இந்தியாவையும் லத்தீன் அமெரிக்காவையும், ஓரளவு அமெரிக்காவையும் குறிவைத்த முயற்சி என்றது. வேலை அலங்கோலமாக இருந்தது, பெரிய கூட்டத்தை எட்டவில்லை என்றும் சொன்னது. இந்த நிகழ்வை அதோடு மறந்துவிடக் காரணமும் அந்த வாக்கியம்தான். அலங்கோலமாக இருந்ததால் நமக்குத் தெரியவந்தது. யாரைக் கேட்கிறோம் என்று பார்க்காமல், தோண்டிப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு செய்தியாளருக்கே ஆர்டர் அனுப்பிய ஏஜென்சி இது.

ஒவ்வொரு தளமும் பார்த்தது என்ன

நான் இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் இந்தப் பகுதி. ரெடிட் பார்த்தது ஒரு பயனர் போட்ட ஒரு பதிவு. மீடியம் பார்த்தது யாரோ எழுதிய ஒரு கட்டுரை. மனுத் தளம் பார்த்தது ஆளில்லாத ஒரு மனு. யூடியூப் பார்த்தது வழக்கமாக வேறு விஷயம் பேசுகிற ஒரு பழைய, நற்பெயருள்ள சேனலின் ஒரு வீடியோ. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அலாரம் அடிக்கும் அளவுக்கு இல்லை. தன் தளத்துக்கு வெளியே நடந்தது பற்றி வந்த செய்திகளைப் பார்த்த பிறகே இந்த வலைப்பின்னலைக் கண்டுபிடித்ததாக ஃபேஸ்புக்கே சொல்கிறது. பெரிய தொழில்நுட்பமும் ஆட்பலமும் உள்ள ஒரு நிறுவனத்துக்குத் துப்பு கிடைத்தது ஒரு யூடியூபரின் ட்வீட்டில் தொடங்கிய செய்திகளிலிருந்து.

கூட்டமுள்ளவரின் வாயால் வரும்போது எடை எவ்வளவு கூடுகிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. கொரோனாவின் தொடக்க மாதங்களில் பரவிய பொய்த் தகவல்களின் ஒரு மாதிரியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் 2020இல் ஆராய்ந்தது. அரசியல்வாதிகள், பிரபலங்கள், அறியப்பட்டவர்கள் சொன்னவை எண்ணிக்கையில் 20 சதவீதம். சமூக ஊடகத்தில் அந்தப் பொய்களுக்குக் கிடைத்த லைக், பகிர்வு, கமென்ட்டில் அவர்களின் பங்கு 69 சதவீதம். குரங்கு மீம் ஏன் விழுந்தது, அடுத்த சுற்றில் ஏன் முகம் தேடினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அழிக்கப்பட்ட வீடியோக்களிடம் வருவோம். வீடியோவை நீக்கினால் தளத்தின் கணக்கில் பிரச்சினை தீர்ந்தது. அதற்குள் பார்த்துவிட்டவருக்கு எந்தத் தகவலும் போகாது. அதிலிருந்து வெட்டிய துண்டோ அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட்டோ வாட்ஸ்அப்பில் போயிருந்தால், மூலம் அழிந்தது ஃபார்வர்டு செய்தவருக்குத் தெரிய வழியே இல்லை. சில குழுக்களில் நேர்மாறாகவும் எடுத்துக்கொள்வார்கள்: 'உண்மையைச் சொன்னதால் தூக்கிவிட்டார்கள்.'

மாறியவையும் மாற வேண்டியவையும்

இந்தியாவில் விளம்பரத் தரநிலைக் குழு இன்ஃப்ளூயன்சர்களுக்கான வழிகாட்டுதலை 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தடுப்பூசி வீடியோக்கள் வந்துபோன சில வாரங்களில். இரண்டுக்கும் தொடர்பில்லை, தேதிகள் அப்படி அமைந்துவிட்டன. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது அதன் மையம். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். பிரான்ஸ் 2023 ஜூனில் இன்ஃப்ளூயன்சர் விளம்பரத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டது. அதில் எழுத்துபூர்வ ஒப்பந்தம் பற்றிய விதிகளும் உண்டு.

இவை நல்லவையே. ஆனால் இந்த நிகழ்வின் மீது வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரிகிறது. விதிகள் எல்லாம் யாரோ எதையோ விற்பதாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இங்கே எதுவும் விற்கப்படவில்லை. ஒன்றை வாங்காதே என்று சொல்லத்தான் பணம் பேசப்பட்டது. 'பெய்ட் ப்ரோமோஷன்' என்று மூலையில் எழுதியிருந்தாலும், பணம் வந்தது என்று தெரியுமே தவிர யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. ஃபாஸேயைச் சுட்டிய ஃபேஸ்புக் அறிக்கையும் அதற்கு ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளரை அடையாளம் காட்டவில்லை.

சேனல் நடத்துபவர்களுக்கு இதிலிருந்து நான் எடுத்துச் சொல்வது ஒரே நடைமுறை: இறுதி வாடிக்கையாளரின் பெயர் எழுத்தில் வராமல் ப்ரீஃபைத் திறக்காதீர்கள். பழகிய ஏஜென்சிக்கும் இதே விதி. பெயர் வந்தாலும், விளம்பரம் என்று சொல்லாதே என்ற வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், உள்ளடக்கம் என்னவென்று பார்க்கவே தேவையில்லை. உண்மை சரிபார்ப்பில் பயிற்சி இல்லாதவர்களாலும் இதைச் செய்ய முடியும் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன். 45 நாடுகளில் 500 படைப்பாளிகளிடம் யுனெஸ்கோ நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 62 சதவீதம் பேர் பகிர்வதற்கு முன் தகவலை முறையாகச் சரிபார்ப்பதில்லை. அவர்களிடம் போய் இறப்பு விகித அட்டவணையில் வயதுப் பிரிவைப் பாருங்கள் என்று சொல்லிப் பயனில்லை. மின்னஞ்சலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க எல்லோராலும் முடியும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு வேறு வழி வேண்டும். நீக்கினால் போதாது. எந்த வீடியோ, எந்த ஏஜென்சி, எந்தக் கூற்று தவறு என்று அதே சேனலில், அதே முகம், அதே நீளத்தில் சொல்ல வேண்டும். தளங்கள் இதற்கு உதவலாம்: தவறான சுகாதாரத் தகவல் என்று ஒரு வீடியோ நீக்கப்பட்டால், அதைப் பார்த்து முடித்தவர்களின் பட்டியல் தளத்திடம் இருக்கத்தான் செய்கிறது. அவர்களுக்கு ஒரு வரி அறிவிப்பு அனுப்புவது தொழில்நுட்பத்தில் பெரிய வேலை அல்ல.

பார்வையாளர் பக்கத்தில் கவனிக்க வேண்டியது, இந்தியச் சேனலிலும் பிரேசில் சேனலிலும் ஒரே மாதிரி தெரிந்த அந்த அடையாளம்: வழக்கமாகத் தொடாத விஷயத்துக்குத் திடீர்த் தாவல், கூடவே வேறொரு நாட்டில் வேறொருவர் அதே நாட்களில் வைத்த அதே லிங்க். ஒரு சேனலை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாவது பாதி தெரியாது. முதல் பாதி தெரியும். அந்த இடத்தில் கமென்ட்டில் 'இதற்கு ஸ்பான்சர் யார்?' என்று கேட்கலாம். வீடியோ அழியும்வரையாவது அந்தக் கேள்வி அங்கேயே இருக்கும்.